டிசம்பரில் வியட்நாம், 15 இரவுகள்: குடும்பத்தோடு முதல் நீண்ட சுற்றுலா, திட்டம் சரிதானா?

குரோய்டன்காரன்:

நண்பர்களே, வணக்கம். இதுவரை நீண்ட விமானப் பயணம் என்றால் எங்களுக்கு ஊருக்குப் போவது மட்டும்தான். இந்த முறை டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு லண்டனிலிருந்து வியட்நாம் போகலாம் என்று முடிவு. 19ஆம் தேதி கிளம்பி ஜனவரி 4 திரும்ப வேண்டும். இன்னும் டிக்கெட் போடவில்லை.

நான் (பிரிட்டிஷ் பாஸ்போர்ட்), மனைவி (இந்திய பாஸ்போர்ட், இங்கே நிரந்தர வசிப்பு), மகன் (8 வயது, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்). அம்மா திருச்சியிலிருந்து நேராக ஹனோய் வந்து எங்களோடு சேர்ந்துகொள்வார். வயது 68, சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு, முட்டைகூடத் தொடாத சைவம்.

யோசித்து வைத்திருப்பது: ஹனோய் 2 இரவு, சாபா 2, ஹாலோங் விரிகுடா படகில் 1, ஹுவே 1, ஹோய் ஆன் 3 (கடற்கரைக்காக), ஹோ சி மின் நகரம் 2, மேகாங் 1, ஃபூ குவோக் தீவு 3.

வரிசை சரியா? விசா யாருக்கெல்லாம் வேண்டும்? அம்மாவுக்குச் சாப்பாடு கிடைக்குமா? தடுப்பூசி, மலேரியா மாத்திரை, பணம் எல்லாவற்றையும் பற்றிச் சொல்லுங்கள்.

---

திசைமானி:

15 இரவில் எட்டு இடம் என்றால் பாதி விடுமுறை பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு ரயில் பாதையில் 1,726 கிலோமீட்டர். ரயிலில் 30 மணி நேரத்துக்கு மேல். ஒரு இடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு நாளும், விமானம் ஒன்றேகால் மணிதான் என்றாலும், அறையைக் காலி செய்வது முதல் அடுத்த அறைக்குள் நுழைவது வரை ஆறு, ஏழு மணி நேரத்தைத் தின்னும். முழங்கால் வலியுள்ள அம்மாவையும் எட்டு வயதுப் பையனையும் வைத்துக்கொண்டு இதை ஏழு முறை செய்யாதீர்கள்.

அடுத்தது வானிலை. இந்த நாட்டுக்கு "டிசம்பர் வானிலை" என்று ஒன்று கிடையாது, மூன்று உண்டு.

வடக்கே (ஹனோய், ஹாலோங், நின் பின்) குளிர்காலம். ஹனோயில் பகலில் 20 டிகிரி ஒட்டி, இரவில் 14, 15. சாம்பல் நிற வானம், தூறல். லண்டனுக்கு இது குளிரே இல்லை என்று நினைப்பீர்கள். ஆனால் ஈரக்காற்று, வீடுகளிலும் சின்ன ஓட்டல்களிலும் ஹீட்டர் இருக்காது. திருச்சியிலிருந்து வருபவருக்கு ஸ்வெட்டர், சாக்ஸ், மூடிய செருப்பு கட்டாயம்.

நடுவில் (ஹுவே, டா நாங், ஹோய் ஆன்) மழைக்காலம். நம் ஊர் மாதிரியே வடகிழக்குப் பருவக்காற்று. உச்சம் அக்டோபர், நவம்பர். 2025 அக்டோபர் கடைசியில் ஹோய் ஆன் பழைய நகரத் தெருக்களில் படகு ஓடியது. டிசம்பர் கடைசியில் வெள்ளம் பெரும்பாலும் வடிந்திருக்கும், ஆனால் கடல் கொந்தளிப்பாகவே இருக்கும். சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள். கடற்கரைக்காக ஹோய் ஆன் என்பது டிசம்பரில் தவறான கணக்கு.

தெற்கே (ஹோ சி மின் நகரம், மேகாங், ஃபூ குவோக்) வறண்ட பருவம். 30 டிகிரி, வெயில். ஃபூ குவோக்கின் மேற்குக் கரையில் இந்த மாதம் கடல் குளம் போல இருக்கும். கடற்கரை நாட்களை எல்லாம் இங்கே கொட்டுங்கள்.

சாபாவை எடுத்துவிடுங்கள். ஹனோயிலிருந்து பேருந்தில் ஐந்தாறு மணி நேரம், டிசம்பரில் 10 டிகிரிக்குக் கீழே போகும், அதன் அழகான படிவயல்கள் அறுவடை முடிந்து வெறும் சேறாக இருக்கும், பல நாள் பனிமூட்டத்தில் பத்தடி தெரியாது. அதற்குப் பதில் நின் பின். ஹனோயிலிருந்து இரண்டு மணி நேரம். ட்ராங் ஆனில் துடுப்புப் படகில் சுண்ணாம்புக்கல் குகைகளுக்கு அடியில் சுமார் மூன்று மணி நேரம் போகலாம், ஆளுக்கு 250,000 டாங் (அங்கத்திய நாணயம்). படகுக்கு நாலு பேர், உங்கள் குடும்பத்துக்குச் சரியாக ஒரு படகு. ஆனால் இருக்கை தாழ்வான பலகை, அம்மாவுக்கு ஒரு சின்னத் தலையணை எடுத்துக்கொள்ளுங்கள். குகைகளில் கூரை தாழும் இடத்தில் எல்லோரும் குனிய வேண்டும். பக்கத்திலேயே ஹாங் முவா மலை, சுமார் 500 படி. அது அம்மாவுக்கு வேண்டாம், நீங்களும் பையனும் ஏறலாம்.

ஹாலோங் படகு: காற்றோ மூடுபனியோ அதிகமானால் துறைமுக அதிகாரிகள் படகை விடமாட்டார்கள். 2025 ஜூலையில் திடீர்ப் புயல்மழையில் அங்கே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து பலர் இறந்தார்கள். ஆகவே ரத்து செய்தால் சண்டை போடாதீர்கள். முன்பதிவு செய்யும்போதே ரத்தானால் பணமாகத் திருப்புவார்களா, வேறு தேதி மட்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். படகு நாளுக்கு மறுநாளே தெற்கே போகும் விமானம் வைக்காதீர்கள்.

---

கீழவாசல்:

விசாவும் டிக்கெட்டும் மட்டும் சொல்கிறேன்.

உங்களுக்கும் மகனுக்கும் விசா வேண்டாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு 45 நாள் இலவச அனுமதி. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். மகனுடையதைப் பாருங்கள், குழந்தைகள் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான், இதில்தான் பலர் மாட்டுவது.

மனைவிக்கும் அம்மாவுக்கும் இ-விசா. ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறை நுழைய 50 டாலர், அதிகபட்சம் 90 நாள். நடுவில் கம்போடியா போய் அங்கோர் பார்த்துத் திரும்பும் யோசனை இருந்தால் மட்டும் 50 டாலர் விசா. அரசுத் தளத்தின் முகவரி "டாட் கவ் டாட் விஎன்" என்று முடியும். தேடினால் மேலே வருபவை பெரும்பாலும் ஏஜென்ட் விளம்பரங்கள், அதே 25 டாலர் விசாவுக்கு இரண்டு மூன்று மடங்கு வாங்குவார்கள். மூன்று வேலை நாள் என்று போட்டிருக்கும், மூன்று வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். நிராகரித்தாலும் கட்டணம் திரும்பாது.

தவறு நடக்கும் இடங்கள்:

பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்யத்தையும் ஓ எழுத்தையும் மாற்றிப் போடுவது. பிறந்த தேதியில் நாளையும் மாதத்தையும் மாற்றுவது. நுழையும் தேதி: 19 இரவு கிளம்பினால் 20தான் இறங்குவீர்கள், விசா தொடங்கும் தேதிக்கு ஒரு நாள் முன்னால் இறங்கினாலும் உள்ளே விடமாட்டார்கள். 90 நாள் கொடுப்பதால் 17, 18 என்றே தொடங்கி வையுங்கள். நுழையும் இடம் ஹனோய் நொய் பாய் விமான நிலையம், வெளியேறும் இடம் ஹோ சி மின் நகரத்தின் "தான் சொன் நியத்" விமான நிலையம் என்று குறிப்பிடுங்கள்.

பெயர்தான் நம் ஆட்களுக்குப் பெரிய வம்பு. அம்மாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், விமான டிக்கெட்டில் பெயரை எப்படிப் போடுவது என்று அந்த ஏர்லைனிடமே கேளுங்கள். விசாவில் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் அப்படியே வரவேண்டும். இனிஷியலை நீங்களாக விரிக்கவோ சுருக்கவோ வேண்டாம். அச்சிட்ட பிரதி ஆளுக்கு இரண்டு.

மனைவிக்கு இன்னொன்று. பிரிட்டனில் வசிப்பு அனுமதி அட்டை போய் இப்போது எல்லாம் ஆன்லைன் குடியேற்ற நிலை. இந்தியப் பாஸ்போர்ட்டைச் சமீபத்தில் புதுப்பித்திருந்தால் புது எண்ணை அந்தக் கணக்கில் ஏற்றியிருக்கிறாரா என்று பாருங்கள். ஏற்றாவிட்டால் திரும்பும்போது செக்-இன் கவுன்டரில் நிறுத்துவார்கள்.

டிக்கெட்: போவது ஹனோய்க்கு, திரும்புவது ஹோ சி மின் நகரத்திலிருந்து என்று "மல்டி சிட்டி"யில் போடுங்கள். வியட்நாம் ஏர்லைன்ஸ் ஹீத்ரோவிலிருந்து இரண்டு ஊருக்கும் நேராகப் பறக்கிறது, போக 12 மணி சொச்சம், திரும்ப எதிர்க்காற்றில் இன்னும் ஒரு மணிக்கு மேல்.

அம்மாவுக்குத் திருச்சி–கோலாலம்பூர்–ஹனோய் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும். மலிவு என்று தனித்தனியாகப் போட்டால், கோலாலம்பூரில் பெட்டியை எடுத்து, குடிநுழைவைத் தாண்டி, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். ஏர் ஏசியா இரண்டாவது முனையம், பாத்திக் ஏர் முதல் முனையம், நடுவில் ரயில். 68 வயதில் தனியாக இது வேண்டாம். சக்கர நாற்காலி உதவியை 48 மணி நேரத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். அம்மாவின் விமானம் நீங்கள் இறங்கிய பிறகு வருமாறு பாருங்கள். அவருக்கு நேர வித்தியாசம் ஒன்றரை மணிதான், உங்களுக்கு ஏழு. முதல் இரண்டு நாள் நீங்கள்தான் நடு ராத்திரியில் முழித்திருப்பீர்கள்.

---

மாத்திரை_டப்பா:

மருந்து விஷயம். பயணத்துக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னால் தடுப்பூசிக்குப் போங்கள். ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு இரண்டும் பிரிட்டனில் அரசு மருத்துவத்திலேயே இலவசம். டெட்டனஸ் பூஸ்டர் எப்போது போட்டது என்று பாருங்கள். ரேபிஸ் பணம் கட்டிப் போடவேண்டியது, பல டோஸ், பல வாரம். எட்டு வயதுப் பையன் நாய்க்குட்டியைத் தொடாமல் இருக்கமாட்டான் என்றால் யோசியுங்கள். போடாவிட்டால் இதையாவது நினைவில் வையுங்கள்: நாயோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவி, அதே நாள் மருத்துவமனை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி நீங்கள் போகும் மாதிரிக் குறுகிய பயணத்துக்குப் பொதுவாகச் சொல்லமாட்டார்கள், கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலேரியா மாத்திரை நீங்கள் சொன்ன ஊர்களுக்கு வழக்கமாகத் தருவதில்லை. பிரச்சினை டெங்கு. அந்தக் கொசு பகலில் கடிக்கும், அதனால் இரவில் வலை கட்டினால் மட்டும் போதாது. 50 சதவீத டீட், அல்லது 20 சதவீத இகாரிடின் உள்ள கொசு விரட்டியைத் தோலில் பூசுங்கள். சன்ஸ்கிரீன் முதலில், கொசு மருந்து அதன் மேல். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். அம்மா ஏற்கெனவே இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவர் என்றால் மருத்துவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் என்றால் எங்கே போய்வந்தீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இன்சுலின் போடுபவர் என்றால் அது கைப்பையில்தான். சரக்கு அறையில் உறைந்து கெட்டுப்போகலாம். மாத்திரைகளும் அப்படியே, அட்டையோடு, மருந்துச்சீட்டோடு, பயண நாட்களைவிட ஒரு வாரம் கூடுதலாக.

ஓ.ஆர்.எஸ். பற்றி யாரும் சொல்லாத ஒன்று. நீங்கள் லண்டனிலிருந்து கொண்டுவரும் டயோரலைட் பாக்கெட் ஒன்றுக்கு 200 மில்லி தண்ணீர். அம்மா கொண்டுவரும் நம்ம ஊர்ப் பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர். மாற்றிக் கலக்கினால், பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால், குழந்தைக்கு உப்பு அளவுக்கு மீறிப் போகும். பாக்கெட் மேலேயே பேனாவால் அளவை எழுதி வையுங்கள்.

காப்பீட்டில் அம்மாவின் சர்க்கரையைச் சொல்லாமல் விட்டால் கிளெய்ம் நிற்காது. அவருக்கு இந்தியாவில் எடுக்க வேண்டும், உங்கள் பிரிட்டிஷ் குடும்பப் பாலிசியில் அவர் வரமாட்டார். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் ஆசை இருந்தால்: கார் லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டி விழுந்தால் காப்பீடு ஒரு பைசா தராது. வேப் (மின் சிகரெட்) பிடிப்பவர் யாராவது இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், 2025 ஜனவரியிலிருந்து அங்கே தடை.

---

நுங்கு:

சாப்பாட்டுக்கு நான் வர்றேன். அம்மா பட்டினி கிடக்கமாட்டாங்க, ஆனா கொஞ்சம் வேலை இருக்கு.

அங்கே சைவத்துக்குச் "சாய்"னு பேரு, நம்ம டீ இல்லைங்க. போர்டுல அந்த வார்த்தை இருந்தா பௌத்த சைவக் கடை, தைரியமா உள்ளே போகலாம். சந்திர மாசத்துல முதல் நாளும் பதினஞ்சாம் நாளும், அதாவது அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமிக்கும், நிறைய வியட்நாமியர்களே சைவம் சாப்பிடுவாங்க. அன்னைக்குச் சாதாரணக் கடையிலகூட சாய் கிடைக்கும். சாய் கடையில தட்டுல வர்றது கோழிக்கால் மாதிரியும் இறால் மாதிரியும் இருக்கும், எல்லாம் சோயாவும் காளானும்தான். அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, இல்லேன்னா தட்டைப் பார்த்ததும் எந்திரிச்சிடுவாங்க. முட்டை சேர்க்கிற சாய் கடைகளும் உண்டு, அதை மட்டும் தனியாக் கேக்கணும்.

சாதாரணக் கடையில "வெஜிடபிள்"னு கேட்டா காய்தான் வரும், ஆனா மேல மீன் சாஸ் ஊத்தியிருக்கும். பூண்டு போட்டு வதக்கின கீரையில சிப்பி சாஸ். ஃபோ நூடுல்ஸ்ல இறைச்சித் துண்டை எடுத்துட்டா சைவம்னு கொண்டு வருவாங்க, சாறு மாட்டு எலும்பு. அதனால போன்ல வியட்நாமிய மொழியில ஒரு ஸ்கிரீன்ஷாட்: "இறைச்சி, மீன், முட்டை, மீன் சாஸ், சிப்பி சாஸ், எலும்புச் சாறு எதுவும் வேண்டாம்." பொருள் பேரெல்லாம் ஒவ்வொண்ணா இருக்கணும். வெறும் "சைவம்"னு காட்டினா மீன் சாஸ் கணக்குலயே வராது. கூடவே "சர்க்கரை வேண்டாம்"னு இன்னொண்ணு. அவங்க காபியில கெட்டியான இனிப்புப் பால் அடியில ஒரு விரல் உயரத்துக்கு நிக்கும், ஜூஸ்லயும் சீனி.

ஹாலோங் படகுலயும் ஃபூ குவோக்லயும் எல்லாம் கடல் உணவு மயம். படகுக்காரங்ககிட்ட ரெண்டு நாள் முன்னாடி எழுதிச் சொன்னா தனியாச் சமைப்பாங்க. பெரிய வம்பு எதுன்னா, டிசம்பர் 24, 31 ராத்திரி நிறைய ரிசார்ட்ல "காலா டின்னர்" கட்டாயம். சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் ஆளுக்கு இவ்வளவுன்னு அறை வாடகைக்கு மேல வாங்குவாங்க, தொகையும் சின்னது இல்லை. புக் பண்றதுக்கு முன்னாடி அந்த ரெண்டு தேதியைக் குறிப்பிட்டுக் கேளுங்க.

பணம்: ஒரு பவுண்டு சுமாரா 35,000 டாங். கடையில "50"னு சொன்னா 50,000னு அர்த்தம், கடைசி மூணு சைபரை யாரும் வாயால சொல்றதில்லை. 20,000 நோட்டும் 500,000 நோட்டும் ரெண்டும் நீலம், ரெண்டும் பிளாஸ்டிக். ராத்திரி டாக்ஸியில அவசரத்துல மாத்திக் கொடுத்தா பதினாலு பவுண்டு போச்சு. 500,000 நோட்டைப் பர்ஸ்ல வேற அறையில வையுங்க. ஏ.டி.எம்.ல ஒரு தடவைக்கு ரெண்டு, மூணு மில்லியன்தான் வரும், சில பேங்க்ல அஞ்சு. திரையில "பவுண்டில் கணக்கிடலாமா"ன்னு கேக்கும், வேண்டாம்னு அமுக்கி டாங்ல எடுங்க, அவங்க ரேட் மோசம். டாலர் நோட்டு கொண்டு போறதா இருந்தா கிழிசல், பேனாக் கிறுக்கல் இல்லாம.

டாக்ஸி கூப்பிடுற கிராப் ஆப்பை லண்டன்லயே போட்டு கார்டை இணைச்சிடுங்க. நாலு பேரும் நாலு பெட்டியும் சின்னக் கார்ல ஏறாது, ஏழு சீட் தேர்ந்தெடுங்க. விமான நிலையத்துல "கிராப், கிராப்"னு கூவிக்கிட்டு வர்றவர் கிராப் கிடையாது. வண்டி நம்பர் போன்ல இருக்கிறதோட பொருந்தணும்.

---

குரோய்டன்காரன்:

காலா டின்னர், ஓ.ஆர்.எஸ். இரண்டும் நினைத்தே பார்க்காதவை. நன்றி. சாபா போயிற்று. ஆனால் ஹோய் ஆனை முழுசாக விட மனசில்லை, மகன் விளக்குகளைப் படத்தில் பார்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

---

பாய்மரம்:

விட வேண்டியதில்லை. திசைமானி சொன்ன வானிலை சரி, ஆனால் ஹோய் ஆன் கடற்கரை ஊர் மட்டும் இல்லையே. பழைய நகரம், விளக்கு, ஜப்பானியப் பாலம், எல்லாம் குடையோடும் பார்க்கலாம். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் மி சோன், அந்தக் காலச் சம்பா நாட்டு அரசர்கள் கட்டிய சிவன் கோயில்கள், செங்கல் கோபுரங்கள், 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. லிங்கமும் நந்தியும் இடிபாடுகளுக்கு நடுவே கிடப்பதை அம்மா பார்க்க விரும்புவார். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் முக்கியக் கோபுரம் போய்விட்டது. வாசலிலிருந்து பேட்டரி வண்டி கொண்டுபோய் விடும், பிறகு நடை, மழையில் கல் வழுக்கும். காலை எட்டு மணிக்குள் போங்கள்.

ஹுவேயை விடுங்கள். ஓர் இரவுக்காக ஊர் மாறுவது வீண். டா நாங்கில் இறங்கினால் ஹோய் ஆன் 30 கிலோமீட்டர்தான். 2025 ஜூலை முதல் அது டா நாங் மாநகரத்தின் பகுதி, மாவட்டங்களையும் அன்றே எடுத்துவிட்டார்கள். ஆகவே ஓட்டல் முகவரியில் பழையதும் புதியதுமாக இரண்டு பெயர் வந்தால் குழம்ப வேண்டாம். ஓட்டுநரிடம் வரைபடப் புள்ளியைக் காட்டுங்கள். ஆற்றங்கரை ஓட்டலில் தரைத்தள அறை எடுக்காதீர்கள்.

---

திசைமானி:

அந்த அளவில் சரி, இரண்டு இரவு. அப்படியானால் இப்படி வையுங்கள்: 20இல் இறங்கி ஹனோய் 2, ஹாலோங் 1, நின் பின் 2, ஹனோய் 1, ஹோய் ஆன் 2, ஃபூ குவோக் 4, ஹோ சி மின் நகரம் 3. மேகாங்கை அங்கிருந்து பகல் பயணமாகப் போய்வரலாம். டா நாங்கிலிருந்து ஃபூ குவோக்குக்கு நேர் விமானம் தோதான நேரத்தில் கிடைக்காவிட்டால் ஹோ சி மின் நகரம் வழியாக, ஆனால் ஒரே டிக்கெட்டில். தீவிலிருந்து கடைசி நாளில் கிளம்பி அன்றே லண்டன் விமானம் பிடிக்கும் திட்டம் மட்டும் வேண்டாம். உள்நாட்டு விமானங்கள் இரண்டு மூன்று மணி தாமதமாவது சாதாரணம். அதற்காகத்தான் கடைசியில் நகரத்தில் மூன்று இரவு.

உள்நாட்டுப் பயணத்துக்கு வியட்ஜெட் விமானம் எடுத்தால் கைப்பை 7 கிலோ. வாயிலில் தராசில் வைப்பார்கள். 20 கிலோ பெட்டியை டிக்கெட்டோடே வாங்கிவிடுங்கள், விமான நிலையத்தில் வாங்கினால் பல மடங்கு. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

ஹனோய் பழைய நகரில் மலிவான அறைகளில் பலவற்றுக்கு ஜன்னலே இருக்காது, முன்பதிவில் "ஜன்னல்" என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்பதையும். அங்கே கட்டடங்கள் ஒடுக்கமாக உயர்ந்தவை, நாலாவது மாடிக்குப் படி என்றால் அம்மாவின் முழங்கால் அன்றே பேசும்.

---

நுங்கு:

ஹோ சி மின் நகரத்துல மூணு நாள்னா, பென் தான் சந்தைக்குப் பக்கத்துல ட்ருவோங் டின் தெருவுல மாரியம்மன் கோயில் இருக்கு. 19ஆம் நூற்றாண்டு முடியுற காலத்துல அங்கே இருந்த தமிழ் வணிகர்கள் கட்டினது. இப்போ கும்பிடுறவங்கள்ல நிறையப் பேர் வியட்நாமியர்தான், ஊதுபத்தியைக் கட்டுக்கட்டாக் கொளுத்துவாங்க. தோளும் முழங்காலும் மூடின உடை. வெளியே பூ, எண்ணெய் விக்கிறவங்க கையில திணிச்சிட்டு அப்புறம் விலை சொல்வாங்க, கையில வாங்குறதுக்கு முன்னாடி விலையைக் கேட்டுக்கோங்க.

ரோடு தாண்டுறது பத்திச் சொல்லலையே. ஸ்கூட்டர் வெள்ளம் நிக்காது. ஒரே வேகத்துல மெதுவா நடங்க, அவங்களே சுத்திப் போவாங்க. நடுவுல நிக்கக் கூடாது, பின்னால ஒரு அடிகூட எடுக்கக் கூடாது. பையன் கையைப் பிடிச்சுக்கோங்க, அம்மாவை வண்டி வர்ற பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் வையுங்க. பஸ்ஸுக்கும் காருக்கும் இந்தக் கணக்கு செல்லாது, அதுக்கு நின்னுதான் ஆகணும்.